மாங்குளத்துக்கு முதல் நின்ற கோச்சி

தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வரும்போது எதிர்பாராமல் நடந்த சம்பவம் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு சீசன் டிக்கெட்டில் போய்வருகிறவள். பிந்தி வருவது, இருக்க இடம் கிடைக்காதது எல்லாம் எங்களுக்குப் பழகிப்போனவை. மார்கழி மழைக்குள் ஒருநாள், வேலை முடிந்து வீடு திரும்பும்போது நடந்தது மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

புளியங்குளம் தாண்டி மாங்குளம் வர முதல், ஹோர்ன் விடாமல் அடித்தது. அடுத்த கணம் காலுக்குக் கீழே 'தடார்' என்று ஒரு அடி, பிறகு இன்னும் இரண்டு. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் முன்னுக்குச் சரிந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மாவின் பை கவிழ்ந்து கத்தரிக்காய் பெட்டி முழுக்க உருண்டது. வெளியே இருட்டு, இரண்டு பக்கமும் காடு. யானையாக்கும் என்று ஆளுக்காள் கதைக்கத் தொடங்க, டோர்ச்சோடு ஓடிவந்த கார்ட், "மாடு, மாடு. ஒருத்தரும் இறங்காதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அடிபட்ட மாடொன்று அடியில் இழுபட்டு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் பிரேக் குழாயைப் பிய்த்துவிட்டது. ரயில் முழு நீளத்துக்கும் அந்தக் குழாய் ஓடுகிறது. அதில் அழுத்தம் குலைந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்; ஓடும்போது பெட்டி கழன்றால்கூட நின்றுவிட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆகவே குழாயைச் சரிசெய்யாமல் அரை அடிகூட நகர முடியாது. இது ஒற்றைப் பாதை வேறு. நாங்கள் நின்றால் எதிரில் வருகிற கோச்சியும் ஸ்டேஷனிலேயே நிற்கவேண்டியதுதான்.

நேரம் போகப்போக, கார்ட் சொன்னதையும் மீறி ஆட்கள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். எங்கள் வீட்டிலும் மாட்டுப் பட்டி இருந்தது. 2009இல் போருக்குள் இடம்பெயர்ந்தபோது கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தோம். அதனால் பெட்டிக்குள் சும்மா இருக்க முடியவில்லை.

நான்கு மாடுகள். சொந்தக்காரர் இல்லாத கட்டாக்காலி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் காதில் இலக்கத் தகடு இருந்தது, தொடையில் குறி சுட்டிருந்தது. வயதான ஒரு ஐயா குனிந்து ஒரு மாட்டின் மடியைத் தொட்டுப் பார்த்தார். மடி கல் மாதிரி இறுகி நிறைந்திருந்தது. "பால்மாடு பிள்ளை. கண்டுக்குட்டி பட்டியில பாத்துக்கொண்டு நிக்கும்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள்ளால் ஒருவர் டோர்ச் அடித்துக்கொண்டு வந்தார். மழையில் தெப்பலாக நனைந்திருந்தார். "அண்ணை, ஆற்ற மாடு?" என்று பெடியன் ஒருவன் கேட்டதற்கு, "தெரியாது தம்பி" என்றார். ஆனால் ஒவ்வொரு மாடாகப் போய் வெளிச்சம் அடித்துக் குறியைப் பார்த்தார். பிறகு அந்த ஐயாவிடம் மட்டும் சொன்னாராம், தன்னுடைய மாடுகள்தான், ஓமென்று சொன்னால் வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயம் என்று. நட்டஈடு கேட்பது இருக்கட்டும், தன் மாடு செத்தது என்று வாய்விட்டு அழக்கூட அந்த மனுசனால் முடியவில்லை.

"அடைச்சு வளக்கத் தெரியாதோ?" என்று பெட்டிக்குள் ஒருவர் கோபப்பட்டார். அவருடைய அவசரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஐம்பது அறுபது மாட்டை அடைத்து வைத்து எதைப் போடுவது? மாரி மழைக்குக் காலபோக நெல் விதைத்தால் வயல்பக்கம் மாடு போகக்கூடாது. காட்டுக்குள் விட்டால் அது வனப் பகுதி என்கிறார்கள். மழைக்கு எல்லா இடமும் வெள்ளம். காய்ந்து, மேடாக இருப்பது தண்டவாளக் கரை மட்டும்தான். மாடு ஏறிப் படுக்காமல் என்ன செய்யும்? போரால் 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. கிளிநொச்சிக்குத் திரும்பக் கோச்சி வந்தது 2013 செப்டெம்பரில், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில். நடுவில் இருபத்துமூன்று வருசமாக அந்தக் கரை மாடும் மனிதரும் நடந்த பாதை. இந்தியக் கடனில் புதுப் பாதை போட்டார்கள், கோச்சி நல்ல வேகமாக ஓடுகிறது. எங்களுக்குப் பெரிய உதவி, மறுக்கவில்லை. மாடுகளுக்கு எங்கே போவது என்று மட்டும் ஒருவரும் இடம் காட்டவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்ச் சேர நடுச்சாமம் ஆகிவிட்டது. அம்மா படலையடியில் குடையோடு நின்றா.

இப்போதும் அதே கோச்சியில்தான் போய்வருகிறேன். மாடு அடிபட்டுக் கோச்சி பிந்தினால், எத்தனை மணி பிந்தியது என்றுதான் செய்தி வரும். யாருடைய பட்டி, எத்தனை பால்மாடு என்று வராது. மேய்ச்சல் தரவை ஒதுக்கித் தரச் சொல்லி எங்கள் பக்கத்துப் பண்ணையாளர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறார்கள். அதை ஐப்பசி விதைப்புக்கு முதல் அளந்து, எல்லைக் கல் போட்டுக் கொடுக்கவேண்டும். மார்கழியில் வந்து செத்த மாட்டை எண்ணிக்கொண்டு போவதில் பட்டிக்காரருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.