புற்றுக்கட்டிக்குள் லிம்போசைட்டுகள் நிறைய இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. இது நல்லதா, கெட்டதா?

கேள்வி கேட்டவரின் அம்மாவுக்கு வயது 58. வலதுபக்கப் பெருங்குடலில் கட்டி, ஆபரேஷன் முடிந்துவிட்டது. இரண்டாம் நிலை, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை. ஆனால் பயாப்சி ரிப்போர்ட்டில் கட்டிக்குள்ளும் அதன் ஓரத்திலும் லிம்போசைட்டுகள் மிகுதி என்று ஒரு வரி இருக்கிறது. லிம்போசைட் என்றால் வெள்ளை அணுதானே, அப்படியானால் நோய் ரத்தத்திலும் கலந்துவிட்டதா என்று அம்மா தூக்கம் இல்லாமல் கிடக்கிறாராம்.

முதலில் அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். ரத்தப் புற்றுநோய்க்கும் இந்த வரிக்கும் சம்பந்தமே இல்லை. பெருங்குடல் கட்டியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் நல்ல செய்திதான்.

நான் பெத்தாலஜிஸ்ட். 16 வருடமாக இந்த மாதிரி வரிகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் எழுதும் ரிப்போர்ட் டாக்டருக்கானது. ஆனால் அதைப் பாலிதீன் கவரில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய், அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிப்பது குடும்பத்தார்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி மெழுகில் பதிப்போம். அந்த மெழுகுக் கட்டையை மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவுவோம். சீவல் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கும். அதைக் கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுத்து, சாயம் ஏற்றிப் பார்ப்போம். புற்றுச் செல்கள் பெரிதாக, கோணல்மாணலாக, வெளிறிய ஊதாவில் தெரியும். லிம்போசைட்டுகள் அப்படி இல்லை. கடுகு கொட்டினாற்போல, சின்னதாய், உருண்டையாய், ஒரே மாதிரி கருநீலத்தில் இருக்கும். சில சமயம் அந்தக் கடுகு ஒன்று புற்றுச் செல்களின் வரிசைக்கு நடுவிலேயே நுழைந்து உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் தெரியும்.

மேற்படிப்புப் படிக்கும்போது இதை முதன்முதலில் பார்த்துவிட்டு, "கட்டியில் இன்ஃபெக்‌ஷன் ஆகியிருக்கு மேடம்" என்றேன். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப்பின் எதிர்ப்பக்கத்தில் இருந்த என் ஆசிரியை ஸ்லைடை மெதுவாக நகர்த்தி, கட்டி நல்ல திசுவுக்குள் புகும் ஓரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே லிம்போசைட்டுகள் திட்டுத்திட்டாகக் குவிந்திருந்தன. "கிருமிக்கு வந்தவங்க இல்லம்மா இவங்க. கட்டியைப் பார்த்துட்டு வந்தவங்க. இந்த ஓரத்தைப் பார்க்காம ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடாதே" என்றார். அன்றிலிருந்து ஓரத்தைப் பார்க்காமல் நான் எந்தக் குடல் கட்டிக்கும் ரிப்போர்ட் எழுதியதில்லை.

கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் இருப்பதை ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ 1863-லேயே கவனித்திருக்கிறார். ஆனால் இதில் ஆயுள் கணக்கு அடங்கியிருக்கிறது என்று உறுதியாகக் காட்ட நூற்றாண்டுக்கு மேல் ஆனது. என் மனதில் பதிந்த ஆய்வு 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. முற்றிய சினைப்பைப் புற்றுநோய் கொண்ட 186 பெண்களின் கட்டிகளைப் பார்த்தார்கள். டி செல் என்பது லிம்போசைட்டில் ஒரு வகை. கட்டிக்குள் அது இருந்தவர்களில் ஐந்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 38 சதவீதம். இல்லாதவர்களில் 4.5 சதவீதம். அத்தனை பேருக்கும் முற்றிய நிலை என்றுதான் பெயர். கட்டிக்குள் யார் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் இவ்வளவு பெரிய வித்தியாசம்.

உங்கள் அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்துவது அடுத்து வந்த பிரெஞ்சு ஆய்வு. பாரிஸில் ஜெரோம் காலோன் குழுவினர் 2006-இல் பெருங்குடல் கட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். எத்தனை டி செல் என்று எண்ணியதோடு நிற்காமல், எந்த வகை, எங்கே இருக்கிறது என்றும் பிரித்து எண்ணினார்கள். கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் இரண்டு இடத்திலும் அடர்த்தியாக இருந்தால் நோய் திரும்பி வருவது குறைவு. வழக்கமாக நாம் நம்பியிருக்கும் நோய்நிலை (ஸ்டேஜ்) கணக்கைவிட இது நன்றாகவே முன்கூட்டிச் சொன்னது. இதிலிருந்து இம்யூனோஸ்கோர் என்ற மதிப்பெண் முறை உருவானது. 2018-இல் 13 நாடுகளைச் சேர்ந்த 2,681 பேரின் கட்டிகளில் அதைச் சோதித்தார்கள். அதன் முதல் தொகுதியான 700 பேரில் வந்த கணக்கு இது. மதிப்பெண் அதிகம் இருந்தவர்களில் ஐந்து ஆண்டுக்குள் நோய் திரும்பியது 8 சதவீதம் பேருக்கு, நடுத்தரமாக இருந்தவர்களில் 19, குறைவாக இருந்தவர்களில் 32.

ஏன் ஓரமும் முக்கியம் என்றால், சில கட்டிகளில் லிம்போசைட்டுகள் வாசல்வரை வந்து அங்கேயே நின்றுவிடும். கட்டியைச் சுற்றி நார்த்திசு வேலி போட்டதுபோல் இருக்கும், உள்ளே ஒன்றுகூட இருக்காது. சில கட்டிகளில் வாசலுக்குக்கூட வருவதில்லை. உள்ளே நுழைந்தது, வாசலில் நின்றது, வராமலே இருந்தது என மூன்றுமே ஸ்லைடில் பார்த்த மாத்திரத்தில் வேறுவேறாகத் தெரியும்.

சரி, லிம்போசைட் எங்கே இருந்தாலும் நல்லதுதானா? இல்லை. இதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் சொன்னால் நான் சொல்வதில் நேர்மை இருக்காது. கிளியர் செல் என்ற வகைச் சிறுநீரகப் புற்றுநோயில் சிடி8 என்ற, புற்றுச் செல்லைக் கொல்லும் வகை டி செல் மிகுதியாக இருப்பவர்களின் நிலை பெரும்பாலும் மோசம்தான். மார்பகப் புற்றுநோயில் டிரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமிகுதியும் இல்லாத) வகைக்கு லிம்போசைட்டுகள் நல்ல அறிகுறி. ஹார்மோன் ஏற்பி உள்ள வகைகளில் அதை அப்படியே சொல்ல முடியாது. டி செல்லிலேயே சண்டையை அடக்குவதற்கென்று ஒரு வகை உண்டு. அடக்கும் டி செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பு தன்னையே தாக்காமல் காப்பது அதன் வேலை. 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இதைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சி, மேரி ப்ரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்குத்தான். அதே செல் கட்டிக்குள் குவிந்தால், காக்க வந்தது கட்டிக்கே காவலாகிவிடும். சினைப்பைப் புற்றுநோயில் இது அதிகமாக இருந்த பெண்களின் ஆயுள் குறைவு என்று 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்களும் அப்படித்தான், சில கட்டிகளுக்குப் புது ரத்தக்குழாய் வளர உதவியே செய்கின்றன. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டில் இருக்கும் அதே வரியை உங்கள் அம்மாவின் வரியோடு ஒப்பிடாதீர்கள். உறுப்பு மாறினால் பொருளே மாறிவிடும்.

இப்போது அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். வலதுபக்கக் குடல் கட்டி, உள்ளே நிறைய லிம்போசைட் என்று கேட்டவுடன் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும். ரிப்போர்ட்டில் எம்.எம்.ஆர். அல்லது எம்.எஸ்.ஐ. என்று ஒரு சோதனை முடிவு இருக்கிறதா பாருங்கள். செல் பிரியும்போது டி.என்.ஏ.வைப் படியெடுப்பதில் எழுத்துப் பிழைகள் வரும். மெய்ப்புத் திருத்துபவரைப் போல அந்தப் பிழைகளைச் சரிசெய்யும் புரதங்கள் நம்மிடம் உண்டு. பெருங்குடல் கட்டிகளில் ஏறக்குறைய 15 சதவீதத்தில் அந்தத் திருத்தல் வேலை நின்றுபோயிருக்கும். பிழைகள் குவிந்து, உடம்பு அதுவரை பார்த்தே இராத புரதத் துண்டுகள் உருவாகும். டி செல்களுக்கு அவை அந்நியமாகத் தெரியும்; அதனால்தான் இத்தனை கூட்டமாக வந்து சேர்கின்றன.

இந்தச் சோதனையை இதுவரை செய்யவில்லை என்றால் கட்டாயம் கேளுங்கள், தயங்க வேண்டாம். எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று அதே மெழுகுக் கட்டையிலேயே பார்த்துவிடலாம். இன்னொரு முறை ஊசியோ கத்தியோ தேவையில்லை.

முடிவு எப்படி வருகிறது என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும். இரண்டாம் நிலையில் இந்தப் புரதங்களில் ஒன்றாவது இல்லாத கட்டி என்றால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு, ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தை மட்டும் கொடுக்கும் கீமோவால் பலனும் இல்லை. அதனால் "கீமோ வேண்டாம்" என்று புற்றுநோய் மருத்துவர் சொல்லக்கூடும். அதைக் கேட்டு, கைவிட்டுவிட்டார்கள் போல என்று அழுத குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டாத மருந்தின் வேதனையிலிருந்து அம்மாவைக் காப்பாற்றுகிறார் என்றுதான் பொருள்.

ஒருவேளை நோய் பின்னாளில் திரும்பினாலும், இதே கட்டிகளுக்குத்தான் இம்யூனோதெரபி மிக நன்றாக வேலை செய்கிறது. டி செல் மேல் இருக்கும் பிரேக்கைப் புற்றுக்கட்டி அழுத்திப் பிடித்திருக்கும். மருந்து அந்தப் பிடியை விடுவிக்கும். ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றது இந்த வழிக்கு அடித்தளம் போட்டதற்காக. 2022-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், இதே குறைபாடு கொண்ட மலக்குடல் கட்டி உள்ள 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 12 பேருக்கும் ஆபரேஷன், ரேடியேஷன் எதுவும் இல்லாமலேயே கட்டி தெரியாமல் மறைந்தது. சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் அதைப் படித்த அன்று நான் வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் இது உங்களுக்கும். அம்மாவின் கட்டியில் அந்தப் புரதங்களில் ஒன்று இல்லை என்று வந்தால், அது பரம்பரையாக வருவதா என்று பார்க்க வேண்டும். லிஞ்ச் சிண்ட்ரோம் என்பார்கள். எம்.எல்.எச்.1 இல்லையென்றால் பல சமயம் அது வயதோடு வருவதுதான், பரம்பரை அல்ல. அதைப் பிரித்தறியவும் சோதனை உண்டு. பரம்பரைதான் என்று உறுதியானால் நீங்கள், உங்கள் உடன்பிறந்தவர்கள், மாமா, சித்தி எல்லோரும் ரத்தச் சோதனை செய்துகொள்வது நல்லது. அந்த மரபணு உள்ளவர்கள் இளவயதிலிருந்தே ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்துகொண்டால், கட்டி முற்றுவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடலாம்.

சோதனைக்கு வேறு லேபுக்குப் போக வேண்டியிருந்தால், ஆபரேஷன் நடந்த இடத்தில் பிளாக்கும் (அந்த மெழுகுக் கட்டை) ஸ்லைடும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கையில் கிடைத்ததும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.