சைக்கிளில் 11-28 கேசட்டை எடுத்துவிட்டு 11-34 மாட்டினால், டீரெய்லரும் செயினும் மாற்ற வேண்டுமா?

இரண்டையும் மாற்றத்தான் வேண்டும். கேசட் என்பது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு; 11-28 என்றால் மிகச் சின்னதில் 11 பல், மிகப் பெரியதில் 28. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது டீரெய்லர்; அதில் கீழே தொங்கிச் செயினை இழுத்துப் பிடிக்கும் கைதான் கேஜ். உங்கள் வண்டியில் இருப்பது ஷிமானோ 105 ஆர்7000 கியர் செட்: முன்னால் 50-34, பின்னால் 11-28, குட்டைக் கேஜ் டீரெய்லர் (எஸ்எஸ்). மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டி மலைப்பாதை ஏற வேண்டும், கேசட் மட்டும் வாங்கினால் போதாதா என்று கேட்கிறீர்கள். மாட்டிவிடலாம், ஸ்டாண்டில் வைத்துச் சுற்றினால் பல கியர்கள் ஒழுங்காக விழவும் செய்யும். அதை நம்பி மசினகுடியிலிருந்து கிளம்பிவிடாதீர்கள்.

டீரெய்லருக்கு இரண்டு வரம்பு உண்டு. பலர் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். அது ஏறக்கூடிய மிகப் பெரிய பல்சக்கரம் எது என்பது முதல் வரம்பு: எஸ்எஸ்சுக்கு 30 பல், கேஜ் நீளமான ஜிஎஸ்சுக்கு 34. செயின் தொய்வை எவ்வளவு இழுத்துப் பிடிக்கும் என்பது அடுத்தது. முன்பக்க வித்தியாசத்தையும் பின்பக்க வித்தியாசத்தையும் கூட்டினால் நமக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துவிடும். உங்களுக்கு 50-34=16, 34-11=23, மொத்தம் 39. எஸ்எஸ் தாங்குவது 35, ஜிஎஸ் 39. அதாவது ஜிஎஸ் வாங்கினால் கச்சிதம், ஒரு பல்கூட மிச்சமில்லை.

"எஸ்எஸ்சிலேயே 32 ஓடுது சார்" என்று கடையில் சொல்வார்கள். பொய்யில்லை, ஷிமானோ கொஞ்சம் அடக்கித்தான் எண் போடும். ஆனால் 34 வேறு கதை. டீரெய்லரை ஃப்ரேமோடு பிடிக்கும் ஹேங்கரை நீட்டிக்க, ஹேங்கர் எக்ஸ்டெண்டர் என்று ஒரு சின்னத் துண்டு விற்கிறது. அது டீரெய்லரைக் கீழே இறக்கிப் பெரிய பல்லுக்கு இடம் கொடுக்கும், அவ்வளவுதான். கேஜின் நீளம் கூடாது என்பதால் தொய்வு அப்படியே இருக்கும். அந்தக் காசை ஜிஎஸ்சில் போடுங்கள்.

செயினில்தான் விபரீதமே இருக்கிறது. பின்னால் 6 பல் கூடுகிறது. செயின் சக்கரத்தின் பாதியைத்தான் சுற்றுகிறது, ஆகவே சுமார் 3 கண்ணி அதிகம் வேண்டும். செயினை இரண்டிரண்டு கண்ணியாகத்தான் கூட்ட முடியும். செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை) 410 மிமீ உள்ள வண்டிக்குக் கணக்குப் போட்டால் 11-28க்கு 106 கண்ணி, 11-34க்கு 110. பழைய செயினோடு ஏற்றத்தில் தெரியாமல் முன்னால் 50, பின்னால் 34க்குப் போனால், டீரெய்லர் முன்பக்கம் விறைத்து நிற்கும். ஹேங்கர் முறியும், டீரெய்லர் ஸ்போக்சுக்குள் போகும். செயின் நீளமாக இருந்தால் இந்த ஆபத்து இல்லை. முன்னாலும் பின்னாலும் சின்னதில் சின்னது போட்டால் கீழே தொங்கிச் சடசடக்கும், அந்தக் கியரைத் தவிர்த்துக்கொள்ளலாம். தேய்ந்த செயினைப் புது கேசட்டில் போட்டால் பல்லும் தாண்டும், எப்படியும் புதிது வேண்டும்.

கணக்கைவிட வண்டியிலேயே அளப்பது நல்லது. 116 கண்ணியில் வரும் புதுச் செயினை டீரெய்லர் வழியாக விடாமல், முன்னால் 50, பின்னால் 34 மேல் நேராகச் சுற்றுங்கள். முனைகள் இணையும் இடத்துக்கு மேல் 2 கண்ணி விட்டு வெட்டுங்கள். பிறகு டீரெய்லரில் கோத்து, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பெரியதில் பெரியதற்கு ஏற்றுங்கள். அங்கே நின்றபோதும் கேஜை விரலால் கொஞ்சம் முன்னே தள்ள முடிய வேண்டும். அசையவில்லை என்றால் செயின் குட்டை.

அப்புறம் டீரெய்லரின் பின்பக்கத்து பி-டென்ஷன் திருகு; டீரெய்லரைக் கேசட்டிலிருந்து தள்ளிவைப்பது அதுதான். முன்னால் 34, பின்னால் 34 போட்டு, மேல் ஜாக்கி சக்கரத்துக்கும் (டீரெய்லரில் செயின் ஓடும் குட்டிச் சக்கரம்) பல்லுக்கும் நடுவில் 5-6 மிமீ இடைவெளி விடுங்கள். உரசினால் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

செலவுக்குப் பலன் உண்டா? நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முன்னால் 34, பின்னால் 28 (34-28) கியரில் மணிக்கு சுமார் 9.2 கிமீ, 34-34இல் 7.5. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவில் பல இடங்களில் நீங்கள் 7.5இல்தான் போவீர்கள். பழைய கேசட்டில் அந்த வேகத்துக்கு 49 சுற்றுதான் கிடைக்கும். முழங்கால் வலி அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஒன்று விட்டுப்போச்சு: கேசட் எச்ஜி700 என்ற மாடல் 11-34 என்றால், 11-ஸ்பீடு ரோடு ஹப்பில் (பின்சக்கரத்தின் நடுப்பகுதி) மாட்டும்போது கேசட்டுக்குப் பின்னால் 1.85 மிமீ ஸ்பேசர் வளையம் போட வேண்டும். போடாவிட்டால் கேசட்டை இறுக்கும் லாக்ரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் கேசட் ஆடும். பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள்.