கேளுங்க சொல்றோம்: 5000 வாட்டா, 40 வாட்டா?

கேள்வி: எனக்கு வயசு 54. கர்நாடக கச்சேரியும் பழைய சினிமா பாட்டும்தான் கேப்பேன். 12க்கு 11 ரூம், புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கு, பின்னாடி 86 டிபி, 6 ஓம்ஸ்னு போட்டிருக்கு. கடைக்காரர் 5000 வாட்ஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எடுத்துக்கோங்கன்றார், பையன் பழைய ரேடியோல இருக்கற மாதிரி கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்தான் வேணும்னு நிக்கறான். எது சார் வாங்கறது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முதல்ல அந்த 5000-ஐ மறந்துருங்க சார். அது பிஎம்பிஓ கணக்கு, ஒரு கணம் எட்டற உச்சம்னு சொல்லி கண்ணை மூடிக்கிட்டு எழுதற நம்பர். ஆர்எம்எஸ், அதாவது விடாம தர்ற பவர் எவ்வளவுன்னு கேளுங்க, கடைக்காரர் பேச்சை மாத்துவாரு.

உங்க ஸ்பீக்கர் பின்னாடி இருக்கற 86-தான் விஷயமே. ஒரு வாட் குடுத்தா 1 மீட்டர் தள்ளி 86 டெசிபல் வரும்னு அர்த்தம். நீங்க எட்டடி தள்ளி உக்காந்தாலும் ரெண்டு ஸ்பீக்கரும் சேந்து 80 கிட்ட வந்துரும், சாயங்காலம் காபியோட கேக்கறதுக்கு 75 போதும், அதுக்கு கால் வாட், அரை வாட்டே ஜாஸ்தி. அப்புறம் எதுக்கு 40, 50ன்னா, தனி ஆவர்த்தனத்துல திடீர்னு ஒரு அடி விழும் பாருங்க, அது சராசரியை விட 20 டெசிபல் மேல போகலாம், 20 டெசிபல்னா நூறு மடங்கு பவர். ஆக சேனலுக்கு 40லேர்ந்து 50 வாட் ஆர்எம்எஸ் இருந்தா உங்க ரூமுக்கு தாராளம். 100 வாட் வாங்கினாலும் அதுக்கு மேல கூடுதலா கிடைக்கறது வெறும் 3 டெசிபல் கிட்டதான்.

அதுக்காக ரொம்ப சின்னதாவும் போகாதீங்க. நான் காலேஜ் படிக்கறப்ப சொந்தமா சால்டர் வச்ச 4440 ஐசி (சின்ன ஆம்ப் சிப்) செட்ல பொங்கலன்னிக்கு வால்யூமை ஃபுல்லா திருகி ரெண்டு ட்வீட்டரையும் (கீச்சு சத்தம் தர்ற குட்டி ஸ்பீக்கர்) கருக்கினவன். ஆம்ப் சக்திக்கு மேல திணறி கிளிப் ஆனா, அதாவது ஒலி அலையோட உச்சி வெட்டுப்பட்டா, முதல்ல சாகறது ட்வீட்டர்.

பையன் சொல்றதும் தப்பில்ல, வால்வுல குரல் ஒரு மாதிரி நெருக்கமா வரும், எனக்கும் ஆசைதான். ஆனா ஒத்தை 300பி வால்வு போட்ட ஆம்ப் 8 வாட்தான் தரும், அது 95 டிபிக்கு மேல இருக்கற ஸ்பீக்கருக்கு ஜோடி, உங்களோடதுக்கு இல்ல. வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் வகையில இப்ப வர்ற நல்ல கிளாஸ் டி ஆம்ப், இல்லைன்னா சாதாரண கிளாஸ் ஏபி, ரெண்டுல எதுவும் ஓகே. உங்க ஸ்பீக்கரோட 6 ஓம்ஸ் லோடை (மின்தடை) தாங்குமான்னு மட்டும் பாத்துக்கோங்க.

கடைக்கு உங்க ஸ்பீக்கரையும் தெரிஞ்ச கச்சேரி ஒண்ணையும் எடுத்துட்டு போங்க. மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் கையை அழுத்தி இழுக்கற கும்கி இருக்கே, அது வளைஞ்சு ஏறுதா, இல்ல எல்லாமே "தொம் தொம்"னு ஒரே மாதிரி கேக்குதான்னு பாருங்க. அப்புறம் வால்யூமை நல்லா கொறைங்க. அப்பவும் பாட்டுக்கு பின்னாடி தம்புரா கேட்டா பணத்தை எடுங்க.

கேள்வி: தாத்தாவோட எல்பி பிளேயரை ஆம்ப்ல ஆக்ஸ்னு போட்ட சாக்கெட்ல சொருகினேன், சத்தமும் கம்மி, பேஸே இல்ல. ஆம்ப் போச்சா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஆம்ப் நல்லாதான்மா இருக்கு. சிடி பிளேயர் 2 வோல்ட் தருது, எல்பி ஊசி தர்றது 5 மில்லிவோல்ட் அளவுதான். போதாததுக்கு ரெக்கார்டு வெட்டும்போதே பேஸை கொறைச்சு, ட்ரெபிளை ஏத்திதான் வெட்டுவாங்க, அதை திருப்பி சரி பண்ணி, சத்தத்தையும் ஏத்த ஃபோனோ ஸ்டேஜ்னு ஒரு சர்க்யூட் வேணும். ஆம்ப் பின்னாடி ஃபோனோன்னு ஒரு சாக்கெட் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா தனியா ஃபோனோ ப்ரீஆம்ப் டப்பா கிடைக்கும். பிளேயர்ல தொங்கற அந்த மெல்லிசு கிரவுண்ட் வயரை ஸ்க்ரூல மாட்ட மறந்துராதீங்க, இல்லைன்னா தாத்தா பாட்டோட சேந்து "ம்ம்ம்"னு ஒரு ஹம்மும் பாடும்.