மழைக்கால மலையேற்றம்: ஜாக்கெட் கேள்விகளுக்குப் பதில்

வருகிற சனிக்கிழமை கல்சுபாய் மலை என்று சொன்னதுதான் தாமதம், நம் மும்பைக் குழுவில் ஜாக்கெட் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாட்டுங்கா உறுப்பினர்: பட்ஜெட் 4,000 ரூபாய். லேபிளில் 5,000 மி.மீ, 10,000 மி.மீ என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

துணிமேல் குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு உயரம் வரை கசியாமல் தாங்கும் என்ற கணக்கு. 10,000 என்றால் பத்து மீட்டர். சாதாரண மழைக்கு 5,000 தாங்கும். ஆனால் பையின் வார் தோளை அழுத்துகிற இடத்தில் தண்ணீர் உள்ளே தள்ளப்படும். அதனால் உங்கள் பட்ஜெட்டில் 10,000 மி.மீ கிடைத்தால் விடாதீர்கள்.

நம்பரைவிடத் தையல் முக்கியம். கடையிலேயே ஜாக்கெட்டை உள்பக்கம் புரட்டுங்கள். எல்லாத் தையல் மேலும் பட்டையாக டேப் ஒட்டியிருக்கணும். சிலதில் தோளில் மட்டும் ஒட்டிவிட்டு மற்றதைக் கோட்டை விட்டிருப்பார்கள். என் முதல் ஜாக்கெட் அந்த ரகம். ராஜ்மாச்சிப் பாதையில் அரை மணி நேரம்தான், அக்குள் தையல் வழியாக இறங்கிய தண்ணீர் இடுப்பில் வந்து நின்றது. பில்லைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், அதுவும் கூழ்.

செம்பூர் உறுப்பினர்: விண்ட்சீட்டர் போதாதா?

போதாது. அது காற்றுக்கு.

தாராவி உறுப்பினர்: கடன் வாங்கியாவது கோர்டெக்ஸ் துணி ஜாக்கெட் எடுத்தால் வியர்க்காதாமே?

வியர்க்கும். 1969-இல் அமெரிக்கர் பாப் கோர் இழுத்து நீட்டிய பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் பிளாஸ்டிக்) படலம்தான் அதன் அடிப்படை. நுண்துளை வழியாக ஆவி போகும், துளி வராது. ஆனால் ஆவி வெளியே போக, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் காய்ந்திருக்கணும். ஜூலையில் சஹ்யாத்ரியில் (நம் மேற்குத் தொடர்ச்சி மலை) காற்றே ஈரத்துணி மாதிரி, ஆவி வெளியேறுவது மந்தமாகிவிடும். குளிரும் இமயமலைக்கு அந்தக் காசு செல்லும். இங்கே அக்குளில் ஜிப் வைத்த ஜாக்கெட்டாகப் பாருங்கள். ஏறும்போது திறந்துவிடலாம்.

டோம்பிவலி உறுப்பினர்: இத்தனை செலவு எதுக்கு? குடை போதும். கொங்கண் விவசாயிகள் ஜாக்கெட்டா போடுகிறார்கள்?

நல்லா மாட்டினீர்கள். அவர்கள் நாற்று நடும்போது முதுகில் கவிழ்த்துக்கொள்வது இர்லா. மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னியது. நம்மூரில் சாக்குக் கொங்காணி மாதிரி. ஏன் அது? இரண்டு கையும் வேலைக்கு வேணும். கல்சுபாயில் இரும்பு ஏணி ஏறணும், அங்கேயும் இரண்டு கை வேணும். உங்கள் உதாரணமே என் கட்சியில் சேர்ந்துவிட்டது.

முலுண்ட் உறுப்பினர்: எந்தக் கம்பெனி வாங்கலாம்?

இதையே மூன்று பேர் கேட்டாச்சு. கம்பெனி எதுவானாலும் புரட்டித் தையலைப் பாருங்கள். அடுத்து இதையே கேட்பவர் மாட்டுங்காவுக்குச் சொன்ன பதிலைப் படிக்கவும்.

சயான் உறுப்பினர்: போன வருஷ ஜாக்கெட் இப்போது தண்ணீரைக் குடிக்கிறது. தூக்கிப் போடவா?

இருங்க. துணியின் வெளிப்பக்கம் துளிகளை உருட்டிவிடும் பூச்சு ஒன்று உண்டு. அழுக்கும் வியர்வையும் அதை மழுக்கிவிடும். மிதமான சோப்பில் அலசுங்கள், கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் வேண்டாம். காய்ந்தபின், லேபிள் அனுமதித்தால், மேலே ஒரு துணி விரித்து இளஞ்சூட்டில் இஸ்திரி போடுங்கள். பூச்சு பெரும்பாலும் உயிர் பெறும். உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டி, பொடிப்பொடியாக உதிர்கிறதா? அப்படியானால் கதை முடிந்தது. ஈரத்தோடு மடித்துப் பரணில் போட்டால் இந்த ஊர் ஈரப்பதத்தில் அதுதான் நடக்கும்.

மறுபடியும் டோம்பிவலி: சரி, ஆனால் நான் குடைதான் கொண்டு வருவேன்.

தாராளமாக. மலையடிவாரத்துப் பாரி கிராமம் வரை பிடித்துக்கொண்டு வாங்க. ஏணி வந்ததும் மடித்துப் பையில் செருகிடுங்க, பின்னால் வருகிறவர் கண்ணில் கம்பி படாமல்.