வீட்டுப்பாடத்தில் ஒரு தவறுமில்லை, தேர்வில் மட்டும் ஏன் சறுக்கல்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கணக்கு வீட்டுப்பாடத்தை ஏ.ஐ. சாட்பாட்டின் உதவியோடு செய்கிறாள். வீட்டுப்பாடத்தில் தவறே இருப்பதில்லை. தேர்வில் மட்டும் மதிப்பெண் குறைந்துகொண்டே வருகிறது. கேட்டால், "எல்லாம் புரிந்துதான் செய்கிறேன்" என்கிறாள். அடியோடு தடுத்துவிடலாமா? பாடப் புத்தகத்தையும் திரையிலேயே படிக்கிறாள். அச்செடுத்துக் கொடுக்க வேண்டுமா?

பதில்: தடுக்க வேண்டாம். சாட்பாட்டை அவள் எப்போது திறக்கிறாள் என்பதை மட்டும் மாற்றுங்கள். கணக்கைப் பார்த்த கையோடு திறப்பது வேறு. கால் மணி நேரம் தாளில் முட்டி மோதிவிட்டுத் திறப்பது வேறு.

உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. புரிந்துவிட்டதாகவே அவள் மனதார நம்புகிறாள். துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 1,000 மாணவர்களிடம் நடந்த கணித ஆய்வு ஒன்றில் இதே நிலைமை அப்படியே பதிவாகியிருக்கிறது. 2025-இல் வெளியான அந்த ஆய்வில் மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்குப் பாடநூலும் குறிப்புகளும் மட்டும். இரண்டாம் பிரிவுக்கு வழக்கமான சாட்பாட். மூன்றாம் பிரிவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் வழிகாட்டுதலோடு அமைக்கப்பட்ட சாட்பாட். பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவைவிட இரண்டாம் பிரிவு 48 சதவீதமும், மூன்றாம் பிரிவு 127 சதவீதமும் கூடுதலாகச் சாதித்தன. பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். இரண்டாம் பிரிவு, முதல் பிரிவைவிட 17 சதவீதம் பின்தங்கியது. தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்று அந்த மாணவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த 17 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னை அதிகம் யோசிக்க வைப்பது மூன்றாம் பிரிவுதான். பயிற்சியில் அவ்வளவு உயரத்துக்குப் போனவர்கள், தேர்வில் பாடநூலை மட்டும் வைத்துப் படித்தவர்களோடு ஏறத்தாழச் சமமாகவே நின்றார்கள். நல்ல அமைப்பு இழப்பைத் தடுத்தது. ஆனால் பயிற்சியில் கிடைத்த உயர்வு தேர்வறைக்குக் கூடவே வரவில்லை. வீட்டுப்பாட மதிப்பெண்ணை வைத்து உங்கள் மகள் எவ்வளவு கற்றிருக்கிறாள் என்று கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதுவும் வலுவானது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த 194 மாணவர்களிடம் நடந்த ஆய்வும் 2025-இல்தான் வெளியானது. கவனமாக வடிவமைக்கப்பட்ட ஏ.ஐ. பயிற்றுநரிடம் படித்தவர்கள், விவாதமும் செயல்பாடுகளும் நிறைந்த நல்ல வகுப்பறையில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றிருந்தார்கள். இரண்டு ஆய்வுகளும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? ஹார்வர்டில் இருந்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். பயிற்றுநர் ஒரு நேரத்தில் ஒரு படியைத்தான் திறந்தது. சோதனையும் அந்தந்தப் பாடம் முடிந்த கையோடு நடந்தது.

எப்போது சோதிக்கிறோம் என்பது சிறிய விஷயமல்ல. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். டிஜிட்டல் கல்வி பற்றிய வாக்குவாதங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தைக் கவனிக்காததால் நீள்பவை என்பது என் கணிப்பு. (சாதனமா, கற்பிக்கும் முறையா, எது கற்றலைத் தீர்மானிக்கிறது என்று 1983-இல் ரிச்சர்ட் கிளார்க் என்ற கல்வி உளவியலாளர் மூட்டிய விவாதம் இன்னும் ஓயவில்லை. நான் முறையின் பக்கம்தான்.)

இனி உங்கள் வீட்டுக்குத் தேவையானது. ஓர் எண்ணை 20 சதவீதம் கூட்டி, வந்ததை 20 சதவீதம் குறைத்தால் என்ன கிடைக்கும்? பழைய எண்ணே திரும்ப வரும் என்றுதான் பல மாணவர்கள் நினைப்பார்கள். சாட்பாட்டிடம் கேட்டால், "1.2 பெருக்கல் 0.8, அதாவது 0.96, எனவே 4 சதவீதம் குறையும்" என்று நொடியில் சொல்லிவிடும். படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் "இரண்டாவது 20 சதவீதம் எதனுடைய 20 சதவீதம்?" என்ற கேள்வியை அந்த மாணவி தனக்குள் கேட்டுக்கொள்ளவே இல்லை. தேர்வில் அந்த இடத்தில்தான் கை நின்றுபோகும்.

ஆகவே முதலில் பேனாவும் தாளும் மட்டும். தவறாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு முயற்சி தாளில் இருந்தாக வேண்டும். அதன் பிறகு சாட்பாட்டிடம் தன் வரிகளை அப்படியே கொடுத்து, "முதல் தவறு எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் சொல். விடையைச் சொல்லாதே. என்னிடம் ஒரு கேள்வி கேள்" என்று எழுதச் சொல்லுங்கள். தவறு பிடிபட்டதும் சாட்பாட்டை மூடிவிட்டு, அதே வகையில் இன்னொரு கணக்கைத் துணையில்லாமல் செய்ய வேண்டும். நாலைந்து நாள் கழித்து மறுபடியும் ஒன்று. பலர் கைவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். விட்டுவிடக் கூடாததும் அதுதான்.

2025 முதல் பிரபலமான சாட்பாட்கள் சிலவற்றில் விடையை உடனே கொட்டாமல் படிப்படியாக வழிகாட்டும் கற்றல் முறை வந்திருக்கிறது. அந்த முறையை இயக்கிக் கொடுங்கள். ஆனால் ஒரே தட்டலில் அதிலிருந்து வெளியேறிவிடலாம், அதனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. வாரத்துக்கு ஒருமுறை, அவள் சரியாகச் செய்த ஒரு கணக்கைக் காட்டி, "இந்த வரி ஏன் வந்தது?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவள் தயங்கும் இடத்தை அவளே கண்டுகொள்வாள். விசாரணை போலக் கேட்டால் மட்டும் காரியம் கெட்டுவிடும்.

திரை வாசிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான பகுப்பாய்வு, அச்சில் படிப்பவர்களுக்குப் புரிதல் ஓரளவு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. வித்தியாசம் பெரிதல்ல. தகவல் நிறைந்த பாடங்களிலும், நேர நெருக்கடியில் படிக்கும்போதும் அது தெரிந்தது. கதை மட்டும் படித்தபோது தெரியவில்லை. எல்லாவற்றையும் அச்செடுக்கத் தேவையில்லை. அறிவியல், சமூக அறிவியல் போன்றவற்றில் கடினமான அத்தியாயங்களையும், தேர்வுக்கு முந்தைய வாரங்களில் படிப்பவற்றையும் தாளில் கொடுங்கள். கதைகளை அவள் விருப்பம்போல் எதில் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

இன்னொன்று, அவளுடைய கணக்கு ஆசிரியரிடம் பேசுங்கள். தவறான முயற்சியும் அடித்துத் திருத்திய வரிகளும் உள்ள வீட்டுப்பாடத்தை ஏற்றுக்கொள்வாரா என்று கேளுங்கள். சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் என்றிருக்கும்வரை, முதலில் தாளில் முயற்சி செய் என்று நீங்கள் சொல்வதை அவளால் நெடுநாள் கடைப்பிடிக்க முடியாது.