பதின்வயதினருக்கு வேலை தேடித் தரும் ஆப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 15 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்குப் பகுதிநேர வேலை தேடித் தரும் ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றை நண்பர்கள் மூவர் சேர்ந்து செய்கிறோம். எங்கே தொடங்குவது?
– வாசகர், ஈரோடு

பதில்: லாகின் திரையை அப்புறம் வரையலாம். முதலில் பிறந்த தேதிக்கு வழி பண்ணுங்கள். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயது நிரம்பியவரை 18 முடியும்வரை சுரங்கத்திலோ வெடிபொருள் வேலையிலோ அபாயகரமான ஆலையிலோ சேர்க்கக் கூடாது. பட்டாசு ஆலை வேலை என்ற பேச்சே கூடாது. மற்ற இடங்களிலும் நேரக் கட்டுப்பாடு உண்டு: ஓய்வையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம், தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கிடையாது, இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு, இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது.

ஆகவே, ராத்திரிப் பந்தியில் பரிமாற ஆள் கேட்கும் கேட்டரிங்காரரின் விளம்பரம் 17 வயதுப் பையன் கண்ணில் படக் கூடாது. வேலை பதியும் படிவத்தில் தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் கட்டாயமாக்குங்கள். வடிகட்டும் வேலை சர்வரில் நடக்கட்டும். திரையில் மட்டும் மறைத்தால், ஆப்பை அப்டேட் செய்யாதவருக்கு எல்லாமே தெரியும். டூவீலர் டெலிவரி என்றால் 18-க்குக் கீழே காட்டவே வேண்டாம். 16 வயதில் கிடைக்கும் உரிமம் 50 சிசிக்கு மேற்படாத கியரில்லா வண்டிக்கு மட்டும்தான்.

வயதை ‘17’ என்று எண்ணாகச் சேமிப்பவர்கள் நிறையப் பேர். அடுத்த வருஷமும் அது 17-ஆகவே இருக்கும்! தேதியைச் சேமித்து, ஒவ்வொரு முறையும் கணக்கிடுங்கள். ஆதார் படம் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், வீண் வம்பு.

கேள்வி: ஓடிபி அனுப்பியதாக சர்வர் காட்டுகிறது, போனுக்கு வரவில்லை. ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலும் டிஎல்டி (நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்கான பதிவு முறை) பதிவில்தான் கோளாறு இருக்கும். நிறுவனம், ஹெடர் (அனுப்புநராகத் தெரியும் பெயர்), செய்தி டெம்ப்ளேட் (செய்தியின் மாதிரி வாசகம்) மூன்றையும் டெலிகாம் ஆபரேட்டரின் டிஎல்டி தளத்தில் பதிய வேண்டும். பதிந்த வாசகமும் அனுப்பும் வாசகமும் ஒரு புள்ளி மாறினாலும் வழியிலேயே நின்றுவிடும். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக்குறிகள்தான். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு.

கேள்வி: பெற்றோர் சம்மதம் அவசியமா? பிள்ளைகளின் பாதுகாப்புக்கு வேறென்ன செய்யலாம்?
– வாசகி, கோவை

பதில்: அவசியம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அவர்கள் நடவடிக்கையைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. விளம்பர வருமானத்தை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள். கட்டணத்தை வேலைக்கு ஆள் தேடும் கடைக்காரரிடம் வாங்கலாம்.

இருப்பிடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்துங்கள். சுமார் ஒரு கிலோமீட்டர் துல்லியம் கிடைக்கும். பக்கத்துக் கடை வேலையைக் காட்ட அது போதும், வீட்டு வாசலைக் காட்டிக்கொடுக்காது. போன் நம்பரை இரு பக்கமும் மறைத்து, ஆப் வழியாகவே பேச வையுங்கள். ‘டெபாசிட்’, ‘யூனிஃபார்ம் பணம்’, ‘பதிவுக் கட்டணம்’ என்று வரும் விளம்பரங்களை ஆள் படித்துப் பார்க்காமல் வெளியிட வேண்டாம். இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் தமிழாகவும் எழுதுவார்கள், அதையும் பட்டியலில் சேருங்கள்.