முதல்ல சிலிண்டரைப் பாருங்கோ: பழைய மோட்டோ குட்ஸி பற்றிக் கேள்வி பதில்

போன கிழமை என்ர 1977 மோட்டோ குட்ஸி 850 ரீ3 பைக்கின்ர படத்தைப் போட்டன். அதுக்கு வந்த கேள்விகள் இப்ப ஒரு கொப்பி நிறையக் கிடக்கு. ஆளுக்காள் தனித்தனியா எழுத ஏலாது. இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, வெளியில மழை, மனிசியும் கோயிலுக்குப் போட்டா. இருந்து எழுதுறன். கேள்விக்கு முன்னால இருக்கிறது கேட்ட ஆளின்ர ஊர்; எழுதேக்க வந்து விழுறதையும் சேர்த்திருக்கிறன்.

என்னைத் தெரியாத ஆக்களுக்கு: நான் இருக்கிறது இத்தாலியில லெக்கோ பக்கம். மோட்டோ குட்ஸி 1921இல தொடங்கின மண்டெல்லோ டெல் லாரியோ எனக்குப் பத்துக் கிலோமீற்றர். பத்தொன்பது வருசமா பழைய பைக் திருத்திற கராஜ் ஒண்டில வேலை. என்ர பாடம் 1967க்குப் பிறகு வந்த பெரிய வி-எஞ்சின் (ரெண்டு சிலிண்டர் 'வி' வடிவில நிக்கிற) குட்ஸிகள். மற்றதுகளுக்கு ஆளைக் காட்டி விடுவன்.

டோட்முண்ட்: 1976ஆம் ஆண்டு 850 ரீ3 ஒண்டு விலைக்கு வந்திருக்கு. 41,000 கிலோமீற்றர் ஓடினது. பெயின்ற் நல்ல வடிவு. எதைப் பாக்க வேணும்?

பெயின்ற்றைப் பாக்காதேங்கோ, சிலிண்டரைப் பாருங்கோ. இதை இண்டைக்கு நாலைஞ்சு தரம் சொல்லுவன், கோபிக்க வேண்டாம்.

அந்தக் காலத்துக் குட்ஸிச் சிலிண்டர் அலுமினியம். உள்ளுக்கு இரும்புக் குழாய் இல்லை, அலுமினியத்துக்கு மேலயே கெட்டிக் குரோம் பூசி விட்டிருப்பினம். ஓடிக்கொண்டிருந்தால் அது கனகாலம் நிக்கும். ஆனால் பத்து வருசம் ஈரக் கொட்டிலுக்குள்ள நிண்ட பைக்கில குரோமுக்குக் கீழ ஈரம் பூந்து, செதில் செதிலாக் கழரத் தொடங்கும். கழண்டது எங்க போகும்? ஒயிலுக்குள்ள. ஒயில் பம்பைத் தின்னும், பிறகு பெயாரிங்கைத் தின்னும். ரீ3க்கு ஒயில் பில்ரர் இருக்கிறபடியால் கொஞ்சம் தப்பலாம். அதுக்கு முந்தினதுகளுக்கு வெறும் கம்பி வலை மட்டும்தான்.

பாக்கிற விதம்: பிளக்கைக் கழட்டி, பிஸ்டனைக் கீழ இறக்கி, கைபேசியோட பூட்டிற மெல்லிய கமராவை விட்டுப் பாருங்கோ. நல்ல குரோம் முழுக்க ஒரே நிறமா வெள்ளி மாதிரி இருக்கும். பழுதானது எண்டால் சாம்பல் நிறத்தில தீவு தீவாத் தெரியும், அநேகமா மேல் விளிம்புக்குக் கிட்ட. மூன்று வருசத்துக்கு முந்தி ஒருத்தர் லெ மான்ஸ் எண்ட குட்ஸி ஒண்டு கொண்டு வந்தார். சிவப்புப் பெயின்ற், முகம் பாக்கலாம். ஒயிலை வெள்ளை பிளாஸ்டிக் பேசினுக்குள்ள இறக்கி, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில பிடிச்சன். சூடை மீன் கழுவின தண்ணி மாதிரி மினுங்கிச்சுது. அந்த மனிசன் பெயின்ற்றுக்கே 1,800 யூரோ குடுத்திருந்தார்.

பழுதெண்டால் வழி இருக்கு. அந்தச் சிலிண்டரையே நிக்கசில் (நிக்கல் கலந்த கெட்டிப் பூச்சு) பூச அனுப்பலாம், அல்லது மண்டெல்லோவிலேயே சிலிண்டர் வார்க்கிற கிலார்டோனியின்ர புதுச் சோடி பிஸ்டனோட வாங்கலாம். அந்தக் காசைப் பைக் விலையில குறைக்கச் சொல்லிக் கேளுங்கோ.

இன்னொண்டு. நிண்ட இடத்தில திறொட்டிலை முறுக்கினால் பைக் வலப்பக்கம் ஒருக்காச் சாயும். கிராங்க் தண்டு பைக்கின்ர நீட்டுப்பாட்டுக்குக் கிடந்து சுத்திறபடியால் வாறது, பழுதில்லை. அதைக் காட்டி விலை குறைக்கப் போனால் விக்கிறவர் சிரிப்பார்.

பேர்ண்: என்ன ஒயில் விடுறது? நாலு பேர் நாலு விதமாச் சொல்லினம்.

20டபிள்யூ50 மினரல் ஒயில். 3,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்துங்கோ. ரீ3யின்ர பில்ரர் ஒயில் சட்டிக்கு உள்ள இருக்கு, சட்டியை முழுசாக் கழட்டினால்தான் கைக்கு வரும். கழட்டினால் கஸ்கற் புதுசு போட வேணும். பூட்டேக்க அந்தச் சின்னப் போல்ட்டுகளை 10 நியூட்டன் மீற்றருக்கு மேல இறுக்காதேங்கோ, அலுமினியப் புரி கையோட வந்திடும்.

லண்டன்: வால்வ் இடைவெளியை நானே வைக்கலாமோ, கராஜுக்குக் குடுக்க வேணுமோ?

நீங்களே செய்யலாம். உலகத்திலயே வால்வ் வைக்க இதைவிடச் சுகமான எஞ்சின் இல்லை. ரெண்டு தலையும் ரெண்டு பக்கமும் வெளியில நீட்டிக்கொண்டு நிக்குது, பெற்றோல் தாங்கியைக் கூடக் கழட்டத் தேவையில்லை. கதிரையைப் போட்டு, பிளேன் ரீயைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு இருந்து செய்யலாம்.

இராமுழுக்கக் குளிர்ந்த எஞ்சினில செய்யுங்கோ. கிளச் கூட்டின்ர வலப்பக்கத்தில ஒரு ரப்பர் மூடி இருக்கும், கழட்டினால் சுத்திற பிளைவீல் தெரியும். அதில டி, எஸ் எண்டு ரெண்டு எழுத்து அடிச்சிருக்கும். டெஸ்ட்ரோ வலது, சினிஸ்ட்ரோ இடது, பைக்கில ஏறி இருக்கிற ஆளின்ர வலது இடது. அந்தந்த எழுத்து வரேக்க, அந்தப் பக்கம் ரெண்டு வால்வும் தளர்வா நிக்குதோ எண்டு ரொக்கரை (வால்வை அமத்திற கையை) ஆட்டிப் பாருங்கோ. ஆடாட்டி இன்னொரு சுத்து. நான் வைக்கிறது காற்று உள்ள எடுக்கிற வால்வுக்கு 0.15 மி.மீ., புகையை வெளியில விடுற வால்வுக்கு 0.20. 'டிக் டிக்' எண்டு கேக்கத்தான் வேணும். சத்தமே இல்லாட்டித்தான் பயப்பிட வேணும்.

ஸ்ருட்காட்: அண்ணை, குட்ஸிக்கு எந்த ஒயில் நல்லம்?

பேர்ண்காரருக்குச் சொன்னதுதான்.

பாரிஸ்: ரீ3யில கால் பிறேக் மிதிச்சால் முன் பிறேக்கும் பிடிக்குது. எல்லாரும் பிரிச்சு விடச் சொல்லினம்.

காலால மிதிச்சால் பின் தட்டும் முன் இடத் தட்டும், கையால பிடிச்சால் முன் வலத் தட்டு மட்டும். 1975இல அப்பிடித்தான் வந்தது. மழை ரோட்டில அதைப்போல நேராப் பிடிச்சு நிப்பாட்டிற பிறேக் அந்தக் காலத்தில வேற இல்லை. நான் பிரிக்கயில்லை. "பிறேக் சரியில்லை" எண்டு வாற பைக்கில பத்துக்கு எட்டு, பிறேக் குழாய் நாற்பது வருசம் பழசு, உள்ளுக்கு வீங்கிப்போய்க் கிடக்கும். முதல்ல அதை மாத்துங்கோ.

ரொறன்ரோ: என்னட்ட 1973 டுக்காட்டி 750 ஜிரி. டெஸ்மோ வால்வை எப்பிடி வைக்கிறது?

ஜிரியில டெஸ்மோ இல்லை, சாதாரண ஸ்பிரிங்தான். 1972இல இமோலா ரேஸில போல் ஸ்மார்ட் டுக்காட்டியில வெண்டதுக்குப் பிறகு விக்க வந்த 750 சூப்பர் ஸ்போர்ட்டிலதான் டெஸ்மோ. அதில வால்வைத் திறக்கிறதுக்கு ஒரு ரொக்கர், மூடுறதுக்கு இன்னொண்டு. உங்கட எஞ்சினிலயும் தண்டும் சரிவுப் பல்லுச் சில்லும்தான் (அதுதான் பெவல்) வால்வைத் திறக்கிற காமைச் சுத்துது. அதைக் கழட்டினால் திரும்ப சிம் எண்ட மெல்லிய தகடு வைச்சு அளந்து பூட்ட வேணும். அது அதிலேயே ஊறின ஆளின்ர வேலை, அங்க ஒரு பெவல் டுக்காட்டிக்காரரைப் பிடியுங்கோ.

சூரிச்: அண்ணை, 1973 வி7 ஸ்போர்ட் எடுத்திட்டன்! கபே ரேசர் ஆக்கப் போறன். பின் பிறேமை எந்த இடத்தில வெட்டிறது?

வெட்டாதேங்கோ தம்பி.

வி7 ஸ்போர்ட் பிறக்கேக்கயே கபே ரேசர்தான், ரேஸ் பைக் மாதிரிக் குனிஞ்சு ஓடுறது. தாழ்ந்த கிளிப்-ஒன் கைபிடி அதில முதலே இருக்கு. அதுக்கு முந்தி வந்த வி7ஐ நினைச்சுப் பாருங்கோ: ஜூலியோ சேசரே கார்கானோவின்ர எஞ்சின், உயரம், பாரம், கலிபோர்னியாவில பொலிஸ் ஓடின பைக். ரெண்டு சிலிண்டருக்கும் நடுவில, மேல, டைனமோ குந்திக்கொண்டு இருந்தது. பிறகு குட்ஸிக்கு வந்த எஞ்சினியர் லீனோ தொன்தி அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, கிராங்கின்ர மூக்கில ஒல்ரர்நேற்றரைப் பூட்டினார். அந்த இடம் காலியானபடியால் பிறேமின்ர மேல் குழாயை வி-க்கு நடுவால தாழ்த்தி நேரா ஓட விட்டார். கீழ்க் குழாய் ரெண்டும் போல்ட்டில கழருது, எஞ்சினை அப்பிடியே இறக்கலாம். 750 வகுப்புக்குள்ள நிக்கவெண்டு 757 சிசியை 748 ஆக்கினார். 1971இல வந்த அந்தப் பிறேமின்ர வடிவத்தைத்தான் குட்ஸி பிறகு எத்தினையோ வருசம் விடாமல் வைச்சிருந்தது. அதைக் கிறைண்டரால வெட்டப் போறீங்களோ? வெட்ட வேணுமெண்டால் ரீ3 ஒண்டு வாங்குங்கோ, அது கனக்கக் கிடக்கு.

சிலிண்டரைப் பாத்தனீங்களோ? ஸ்போர்ட்டுக்குப் பில்ரர் இல்லை.

சூரிச் திரும்பவும்: கோபிக்காதேங்கோ அண்ணை. நீங்கள் சொன்ன கதையிலயே பதில் இருக்கு. தொன்தி செய்தது என்ன? பொலிஸ் பைக்கை வெட்டி ஒட்டினார். அவர் செய்தால் மேதை, நான் செய்தால் பாவமோ?

ஒஸ்லோ: தம்பி சொல்லுறது சரி. எல்லாம் மியூசியத்தில வைக்கத்தான் வேணுமெண்டால் ஓடுறது ஆர்?

பியெல்லா: முழு விசர்க்கதை. வெட்டினதை ஒட்ட ஏலாது. இப்ப ஒறிஜினல் ஸ்போர்ட்டின்ர விலை என்ன, வெட்டினதின்ர விலை என்ன எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

பியெல்லா அண்ணை, விலையை விடுங்கோ. விலைக்காக வைச்சிருக்கிற ஆக்களின்ர பைக்தான் ஓடாமல் நிண்டு குரோம் கழருது.

தம்பி மடக்கிப்போட்டார், ஓம். தொன்தி வெட்டி ஒட்டிற ஆள்தான். குட்ஸிக்கு வர முந்தியும் அதுதான் தொழில்: அயெர்மாக்கி எண்ட இத்தாலிக் கொம்பனியின்ர ரெண்டு ஒற்றைச் சிலிண்டரைச் சேர்த்து லின்டோ எண்டு 500 சிசி ரேஸ் பைக் கட்டினவர். 1969இல மொன்சா ரேஸ் பாதையில அந்தப் பாரமான வி7ஐயே இளைக்க வைச்சு உலக சாதனைகள் எடுத்தினம். அப்ப மாத்திறது பாவம் எண்டு நான் சொன்னால் அது அவருக்கே பழி.

ஆனால் அவர் வெட்டினது ஒரு காரணத்துக்கு. டைனமோ தடுத்தது, எடுத்தார். பிறேம் உயரம், தாழ்த்தினார். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு பைக் முந்தினதை விட வடிவா ஓடிச்சுது. நீங்கள் பின் பிறேமை வெட்டினால் என்ன கூடும்? ரெண்டு கிலோ குறையும். பின் மட்கார்ட்டைப் பிடிக்க இடம் இருக்காது, மழையில முதுகு முழுக்கச் சேறு. ஷொக் பூட்டிற இடத்துக்குக் கிட்ட வெட்டினால் ஆபத்து வேற. சுவிஸ் பரிசோதனையில அதைப் பதிய என்ன கேப்பினம் எண்டு வெட்ட முந்திப் போய்க் கேளுங்கோ, வெட்டினாப் பிறகு இல்லை.

ஸ்ருட்காட்: ஜேர்மனியில 30 வருசம் கடந்த பைக்குக்கு எச் எண்ட, பழமையான வண்டிக்குரிய இலக்கத்தகடு குடுக்கினம். அந்தக் காலத்திலேயே செய்த மாதிரி மாற்றம் எண்டால் விடுகினம், இப்பத்தைய பாணி எண்டால் கஷ்டம்.

நல்ல தகவல். இதைத்தான் முதல்லயே கேட்டிருக்க வேணும், ஒயிலை விட்டிட்டு.

ஒஸ்லோ: நான் ரீ3யில எயர் பெட்டியைக் கழட்டிக் கூம்பு பில்ரர் போட்டிட்டன். இப்ப இடையில திணறுது.

மாத்திறது ஓடத்தான் எண்டு சொன்னவர் நீங்கள்தானே? பெட்டியைக் கழட்டினால் காற்று கூடும், ஜெற்றையும் (பெற்றோல் வாற துளை) கூட்ட வேணும். ரீ3யில இருக்கிறது டெல்லோர்ட்டோ விஎச்பி 30 காபரேற்றர். அதில, முறுக்கேக்க பெற்றோல் பீச்சிற அக்சிலறேற்றர் பம்ப் இல்லை, லெ மான்ஸின்ர 36இல இருக்கு. கையைச் சடாரெண்டு முறுக்கினால் எஞ்சின் விக்கும்.

காபரேற்றர் எனக்குப் படிப்பிச்சது இத்தாலி இல்லை. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில பெற்றோல் தடை, மாமாவின்ர ஹொண்டா எம்.டி. 90 மண்ணெண்ணெயில ஓடிச்சுது. சின்னப் போத்தலில வைச்சிருந்த பெற்றோலில நாலு துளி விட்டு உதைச்சு, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும். பின்னால வெள்ளைப் புகை, ரெண்டு நாளைக்கு ஒருக்காப் பிளக் கழட்டிக் கரி சுரண்டிறது. பிளக்கின்ர நிறத்தைப் பாத்து எஞ்சினின்ர வருத்தம் சொல்ல அங்கதான் பழகினன். நீங்களும் அதையே செய்யுங்கோ: திணறிற வேகத்தில பத்து நிமிசம் ஓடி, கிளச்சைப் பிடிச்சு எஞ்சினை நிப்பாட்டி, பிளக்கைக் கழட்டுங்கோ. வெள்ளை எண்டால் பெற்றோல் காணாது, காபரேற்றர் ஊசியை ஒரு படி உயர்த்துங்கோ. பிஸ்கற் நிறம் வந்தால் விட்டிடுங்கோ.

லூட்டன்: வெஸ்பாவுக்கு...

ஸ்கூட்டர்க்காரரைக் கேளுங்கோ.

யாழ்ப்பாணம்: இங்க ஒண்டு இறக்க ஏலுமோ அண்ணை?

முதல்ல சுங்கத்தில கேளுங்கோ தம்பி, காசு அனுப்ப முந்தி.

லண்டன் (வேற ஆள்): பைபர்கிளாஸ் தாங்கி இருக்கிற பைக்குக்கு இப்பத்தைய பெற்றோல் விடலாமோ?

எதனோல் கலந்ததை விடாதேங்கோ. பழைய ரெசினை அது மெல்ல மெல்ல இளக்கும், பெயின்ற் முதல்ல கொப்பளிக்கும், பிறகு பசை மாதிரி ஒண்டு காபரேற்றருக்குள்ள வந்து நிக்கும். எதனோல் இல்லாத பெற்றோல் கிடைக்காட்டி, தாங்கிக்கு உள்ளுக்கு அதுக்கெண்டு இருக்கிற பூச்சை அடிச்சுப்போட்டுத்தான் விட வேணும்.

மார்செய்: ஒயில்...

20டபிள்யூ50.

சூரிச்: அண்ணை, நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னபடியால் இப்ப கமரா விட்டுப் பாத்தன். இடப்பக்கம் வெள்ளி மாதிரி. வலப்பக்கம் மேல் விளிம்பில சாம்பல் நிறத்தில தீவு மாதிரி ரெண்டு இடம். அதுதானோ?

அதுதான். ஸ்ராட் பண்ணாதேங்கோ, ஒருக்காக் கூட. ஒயிலை வெள்ளைப் பேசினுக்குள்ள இறக்கி, வெயிலில வைச்சுப் படம் எடுத்து அனுப்புங்கோ. மினுங்கிச்சுது எண்டால் சட்டியையும் கழட்டிப் பெயாரிங் வரைக்கும் பாக்க வேணும். சிலிண்டர் ரெண்டையும் கழட்டிப் பெட்டியில போட்டு வையுங்கோ, பங்குனியில சூரிச் பக்கம் ஒரு வேலையா வாறன், எடுத்துக்கொண்டு வந்து இங்க பூசக் குடுக்கிறன். கிறைண்டரை ஆரிட்டயாவது குடுத்து வையுங்கோ, நான் வரும் வரைக்கும்.